ஈரக் கைக்கு எந்தத் திரை? கடலூர், புதுச்சேரி கடைகளுக்கான பில்லிங் மெஷின் ஒப்பீடு

பில் போடும் மெஷின் வாங்க வருகிறவர் முதலில் விலையைக் கேட்பார், அடுத்து "டச் இருக்கா?" என்பார். "எந்த டச்?" என்று கேட்பவரைப் பார்ப்பது அபூர்வம். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஐஸ் பெட்டிக்குள் விட்ட கையை உதறிவிட்டு பில் போடுகிறவருக்கும், புதுச்சேரி நேரு வீதியில் ஏசி ஓடும் துணிக்கடையில் பில் போடுகிறவருக்கும் ஒரே மாடலைக் காட்டுகிறார்கள். துணிக்கடையில் அது பல வருஷம் உழைக்கும். மீன் கடையில் சில நாளிலேயே "தொடாமலே ஐட்டம் ஏறுது, தொட்டா ஏற மாட்டேங்குது" என்று புகார் வரும். மெஷினில் பழுது ஏதும் இருக்காது. அந்தக் கைக்கு ஏற்ற திரை அது இல்லை, அவ்வளவுதான்.

கடைக்காரர் முன்னால் இருக்கும் வழிகள் நான்கு: பட்டன் மெஷின், அழுத்தத்தில் வேலை செய்யும் ரெசிஸ்டிவ் டச், செல்போனில் இருக்கும் கெபாசிட்டிவ் டச், திரையைச் சுற்றி ஒளிக்கதிர் ஓடும் இன்ஃப்ராரெட் டச். டேப்லெட்டோடு புளூடூத் பிரின்டர் வைத்துக்கொள்வதும் கெபாசிட்டிவ் கணக்கில்தான் சேரும்.

விற்பவருக்கே எது எதுவென்று தெரியாமல் இருக்கலாம். ஒரு பேனா மூடி இருந்தால் நாமே கண்டுபிடித்துவிடலாம். மூடியின் நுனியால் திரையை லேசாக அழுத்துங்கள். அழுத்திய பிறகே கேட்கிறது, மேல்பரப்பு மிக லேசாக அமுங்குகிறது என்றால் ரெசிஸ்டிவ். மூடிக்கு அசையாமல், விரல் பட்டதும் கேட்டால் கெபாசிட்டிவ். மூடி கண்ணாடியைத் தொடுவதற்கு ஓரிரு மில்லிமீட்டர் முன்பே கேட்டுவிட்டு, திரையைச் சுற்றி உயர்ந்த சட்டமும் இருந்தால் இன்ஃப்ராரெட்.

கெபாசிட்டிவ்: அழகும் அடமும்

கண்ணாடிக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத கம்பிக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. ஒரு கோட்டில் சிக்னல் போகிறது, குறுக்குக் கோடு அதை வாங்குகிறது. விரல் அருகே வந்தால் அந்த மின்புலத்தில் ஒரு பங்கை நம் உடம்பு இழுத்துக்கொள்கிறது. எந்தச் சந்திப்பில் சிக்னல் குறைந்ததோ அங்கே விரல் இருப்பதாகக் கணக்கு. அழுத்தவே வேண்டாம். இந்த யோசனை பழையது. பிரிட்டனில் மால்வெர்ன் ரேடார் ஆராய்ச்சி நிலையத்தில் ஈ.ஏ. ஜான்சன் 1965-லேயே விரலால் தொடும் கெபாசிட்டிவ் திரையைப் பற்றி எழுதிவிட்டார், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்காக. 2007-இல் ஐபோன் வந்த பிறகுதான் அது எல்லார் கைக்கும் வந்தது.

கடற்கரை ஊரில் இதன் எதிரி உப்புத் தண்ணீர். மழைத்துளி தனியாகக் கண்ணாடியில் உட்கார்ந்தால், தொடுதலைக் கணக்கிடும் சிப் (கன்ட்ரோலர்) நல்லதாக இருந்தால் சமாளித்துவிடும். மீன் தண்ணீர் அப்படியில்லை, அது மின்சாரம் கடத்தும். துளிகள் சேர்ந்து ஒரு படலமாகி, திரையின் உலோக ஓரத்தையோ கடைக்காரரின் மணிக்கட்டையோ தொட்டுவிட்டால், அந்தப் படலம் முழுவதும் ஒரு பெரிய விரல் மாதிரி ஆகிவிடுகிறது. எங்கே தொட்டோம் என்று மெஷினுக்குத் தெரியாது.

இன்னொன்று பலரைக் குழப்புவது. ஈரம் இருக்கும்போது ஒழுங்காக இருந்த திரை, துடைத்த பிறகு ஆட ஆரம்பிக்கும். காரணம் இதுதான்: திரை தன் 'சும்மா இருக்கும் நிலை' எது என்று அடிக்கடி அளந்து வைத்துக்கொள்கிறது. ஈரத்தோடு கொஞ்ச நேரம் இருந்தால் அந்த ஈரத்தையே சும்மா இருக்கும் நிலையாக எடுத்துக்கொள்ளும். திடீரென்று துடைத்ததும் அந்த மாற்றத்தை விரல் என்று நினைத்துக்கொள்கிறது. திரையை ஒரு முறை அணைத்துப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். இதற்காக சர்வீஸுக்குக் கொடுத்துப் பணம் கட்ட வேண்டியதில்லை.

காய்ந்த கையிலும் சிக்கல் உண்டு. வலை இழுத்து, கயிறு பிடித்துக் காய்ப்பு ஏறிய விரல் நுனியில் தோல் தடித்துக் காய்ந்திருக்கும். அந்த விரலைத் திரை சில நேரம் கண்டுகொள்வதே இல்லை. நுனியை விட்டு விரலின் சதைப் பகுதியைத் தட்டையாக வைத்தால் கேட்கும். மெல்லிய கையுறை பெரும்பாலும் பரவாயில்லை, ஐஸ் அள்ளும் தடித்த ரப்பர் கையுறைக்கு வேலை செய்யாது.

பிறகு சார்ஜர். "சார்ஜ் போட்டா டச் ஆடுது" என்பது நம் ஊரில் தினம் கேட்கும் வாக்கியம். இரண்டு பின் மலிவு அடாப்டர்களில் எர்த் இல்லை. உள்ளே வேகமாகத் திறந்து மூடும் சர்க்யூட்டின் இரைச்சல் மெஷின் உடம்பு முழுக்க ஏறி நிற்கும். நீங்கள் விரல் வைத்ததும் அந்த இரைச்சல் உங்கள் வழியாகத் தரைக்கு இறங்கப் பார்க்கும், விரல் வைத்த கோட்டில் எல்லாம் பொய்த் தொடுதல் தெரியும். உலோக ஓரத்தைத் தடவினால் மெல்ல எறும்பு ஊர்வது போலக் கூசினால் இதுதான் கேஸ். மெஷினோடு வந்த அடாப்டரைப் போடுங்கள், முடிந்தால் மூன்று பின் அடாப்டர். மூன்று பின் போட்டும் ஆடினால் கடை எர்த்தைப் பாருங்கள். உப்பு மண்ணில் எர்த் கம்பியின் கிளாம்ப் அரித்துப் போவது சகஜம். மல்டிமீட்டரை ஏசி வோல்ட் அளவில் வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் அளந்தால் இரண்டு, மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் காட்டினால் மெஷின்காரரை விட்டுவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இவ்வளவு குறை சொன்னாலும் காய்ந்த கடைக்கு இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. கண்ணாடி எளிதில் கீறாது, தேயாது, வருஷா வருஷம் அளவு சரிசெய்யும் வேலை இல்லை, திரை பளிச்சென்று இருக்கும்.

ரெசிஸ்டிவ்: பழசு, ஆனால் பொறுமைசாலி

இதில் கீழே கண்ணாடி, மேலே பிளாஸ்டிக் படலம், இரண்டின் உள்பக்கமும் மின்சாரம் கடத்தும் பூச்சு. நடுவில் கண்ணுக்குத் தெரியாத புள்ளிகள் இரண்டையும் பிரித்து வைத்திருக்கும். அழுத்தினால் மேல்படலம் கீழே தொடும். 200 மில்லிமீட்டர் அகலத்துக்கு 5 வோல்ட் கொடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொட்ட இடத்தில் 2 வோல்ட் வந்தால், இடது ஓரத்திலிருந்து 80 மில்லிமீட்டரில் விரல் இருக்கிறது. இவ்வளவு எளிமையான கணக்கு. விரலா, நகமா, ரப்பர் கையுறையா, ஈரமா என்ற கேள்வியே இதற்குக் கிடையாது.

எளிமைக்கு விலை உண்டு. இரண்டு விரல் ஒரே நேரத்தில் பட்டால் இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஒரு புள்ளியைக் காட்டும். அதனால் உள்ளங்கையை ஓரத்தில் ஊன்றிக்கொண்டு பில் போடும் பழக்கம் இருந்தால் தப்புத் தப்பாக விழும். படலங்கள் வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை விழுங்கிவிடும், திரை கொஞ்சம் மங்கல்தான். மேல்படலம் பிளாஸ்டிக் என்பதால் கத்தி முனையும் நண்டுக் கொடுக்கும் கீறிவிடும்.

வாங்கும்போது நான்கு ஒயரா, ஐந்து ஒயரா என்று கட்டாயம் கேளுங்கள். நான்கு ஒயரில் மேல்படலமும் அளவெடுப்பதில் பங்கு கொள்கிறது. அது தேய்ந்தாலோ கீறினாலோ கணக்கே தப்பும். ஐந்து ஒயரில் அளவெடுப்பது முழுக்கக் கீழ்க் கண்ணாடியில். மேல்படலம் வோல்டேஜை எடுத்துக் கொடுக்கும் வேலையை மட்டும் செய்கிறது, கொஞ்சம் கீறினாலும் இடம் மாறாது. நான்கு ஒயர் திரைகளுக்கு ஒரே இடத்தில் சுமார் 10 லட்சம் அழுத்தல் என்றும், ஐந்து ஒயருக்கு 3.5 கோடி என்றும் வழக்கமாகக் குறிப்பிடுவார்கள். இதைக் கடைக் கணக்காக மாற்றிப் பார்த்தால்தான் புரியும். ஒரு பில்லுக்கு 'பிரின்ட்' பட்டன் ஒரு முறை அழுத்தப்படுகிறது. நாளைக்கு 200 பில் போடும் கடையில் 10 லட்சம் தொட 5,000 நாள், அதாவது 13 வருஷத்துக்கு மேல். 800 பில் ஓடும் டீக்கடையில் 1,250 நாள், மூன்றரை வருஷம் கூட இல்லை. முதலில் சாகிற இடம் எப்போதும் அந்த 'பிரின்ட்' பட்டனுக்கு அடியில்தான். சாஃப்ட்வேர் விட்டால் வருஷத்துக்கு ஒரு முறை அந்தப் பட்டனைத் திரையின் வேறு மூலைக்கு மாற்றிவிடுங்கள், ஆயுள் கூடும்.

தொட்ட இடம் ஒன்று, கேட்கும் இடம் அரை சென்டிமீட்டர் தள்ளி என்று ஆகிவிட்டால் பயப்பட வேண்டாம். செட்டிங்ஸில் கேலிபரேஷன் போய், மூலைகளில் வரும் கூட்டல் குறிகளின் நடுவில் பேனா மூடியால் அழுத்தி வாருங்கள். விரலால் செய்தால் பிசகும்.

இன்ஃப்ராரெட்: ஈ உட்கார்ந்தாலும் பில்

சட்டத்தின் இரண்டு பக்கம் ஒளி அனுப்பும் எல்இடி, எதிர்ப்பக்கம் வாங்கும் சென்சார். விரல் கதிரை மறைத்த இடம்தான் தொட்ட இடம். அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் 1972-இல் பிளாட்டோ என்ற கணினிப் பாடத் திட்டத்தின் திரையில் 16-க்கு 16 கட்டமாக இதை வைத்திருந்தார்கள். வகுப்பறைகளின் பெரிய ஸ்மார்ட் போர்டுகளுக்கு இது நல்ல வழி, பெரிய திரைக்குச் செலவு குறைவு. கல்லாப் பெட்டிக்கு நாங்கள் சொல்ல மாட்டோம். கதிரை மறைப்பது எதுவானாலும் அதற்கு விரல்தான்: ஈ, மீன் செதில், தொங்கும் சட்டைக் கை. உயர்ந்த சட்டத்தின் மூலையில் மைதா படிந்தால் அந்த வரிசை குருடாகிவிடும். நேர் வெயில் சென்சாரில் விழுந்தாலும் அதே கதை.

பட்டன்: கேலி செய்ய வேண்டாம்

டச் வந்த பிறகு பட்டன் மெஷினைப் பழைய காலத்துச் சாமான் போலப் பார்க்கிறார்கள். நம் வாக்குப்பதிவு இயந்திரத்தில் இன்னமும் பட்டன்தான், பக்கத்திலேயே பிரெய்ல் எண்ணும் உண்டு. கண் தெரியாதவர் தடவிப் பார்த்து வாக்களிக்க முடிகிறது. வழுவழுக் கண்ணாடியில் தடவிக் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? 2017 ஆகஸ்டில் சிங்கப்பூர் அருகே அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெய்ன் ஒரு எண்ணெய்க் கப்பலோடு மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள். விசாரணையில் குழப்பமான தொடுதிரைக் கட்டுப்பாடும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2019-இல் அந்தக் கடற்படை, கப்பல் வேகத்தைக் கையால் தள்ளும் பழைய லீவருக்கே திரும்ப முடிவு செய்தது. பார்க்காமல் கை போய் உட்காரும் இடம் என்று ஒன்று இருப்பதன் அருமை அவசரத்தில்தான் தெரியும். காலை ஏழு மணிக்கு வஞ்சிரம் கேட்டு எட்டுப் பேர் நிற்கும் கடையும் அவசரம்தான்.

பட்டன் மெஷினில் சிலிகோன் ரப்பர் விசைக்கு அடியில் கறுப்புக் கார்பன் வில்லை இருக்கும். உப்புக் காற்றில் அதன் கீழுள்ள தடங்கள் அழுக்கேறி, ஒரு எண் இரண்டு முறை விழும் அல்லது விழவே விழாது. திறந்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்தால் பெரும்பாலும் மீண்டுவிடும். எண்கள் அழிந்து போவது அடுத்த குறை, அதற்குள் கைக்கு மனப்பாடம் ஆகியிருக்கும்.

அதன் உண்மையான பலவீனம் வேறு இடத்தில். ஐட்டம் பெயரைத் தமிழில் ஏற்ற முடியாத மாடல்கள் நிறைய. முப்பது ஐட்டம் வரை கோட் எண் நினைவிருக்கும், முந்நூறானால் அட்டை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். வரி மாறினால் ஒவ்வொரு ஐட்டமாக உட்கார்ந்து மாற்ற வேண்டும். 2025 செப்டம்பர் 22-இல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியபோது இந்த வேலை பல கடைகளில் ராத்திரி வரை இழுத்தது.

எந்தக் கடைக்கு எது

மீன் கடைக்கு, அது கடலூர் முதுநகரோ புதுச்சேரி தேங்காய்த்திட்டோ, பட்டன் மெஷின்தான் எங்கள் முதல் சிபாரிசு, மேலே சிலிகோன் உறையோடு. பதப்படுத்தாத பச்சை மீனுக்கு ஜிஎஸ்டி இல்லை, ஆகவே வரிக் கணக்கு என்ற தலைவலியே கிடையாது. வஞ்சிரம், சங்கரா, நெத்திலி, இறால் என்று ஒரு நாளைக்கு வரும் வகைகள் விசைகளுக்குள் அடங்கிவிடும். திரைதான் வேண்டும் என்றால் ஐந்து ஒயர் ரெசிஸ்டிவ். ஐபி65 (தூசியும் தண்ணீர்ப் பீச்சலும் தாங்கும் என்பதற்கான குறி) என்று போட்டிருந்தால் அது முன்பக்கத்துக்கு மட்டுமா, மெஷின் முழுவதற்குமா என்று பாருங்கள். பல மாடல்களில் முன்பக்கத்துக்கு மட்டும்தான். பின்னால் அடாப்டர் குத்தும் ஓட்டை வழியாக உப்பு ஈரம் உள்ளே போய், உள்ளிருக்கும் பட்டை ஒயரின் முனையைப் பச்சை பூக்க வைத்துவிடும்.

புதுச்சேரி பேக்கரிகளுக்கு எங்கள் தீர்ப்பு நேர் எதிர். பிரெட்டுக்கு வரி இல்லை, கேக்குக்கு உண்டு. கடலூர்க் கடைக்கு மொத்தமாக அனுப்பினால் மாநில எல்லை தாண்டுகிறது. புதுச்சேரியின் ஜிஎஸ்டி கோட் 34, தமிழ்நாட்டுக்கு 33. இரண்டும் வேறானால் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான ஐஜிஎஸ்டி போட வேண்டும். இதையெல்லாம் சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும் கெபாசிட்டிவ் திரைதான் வசதி. வெண்ணெய்க் கை பற்றிப் பயப்பட வேண்டாம். எண்ணெய் மின்சாரம் கடத்தாது, திரையை ஏமாற்றாது, அசிங்கப்படுத்தும், அவ்வளவுதான். ஓரம் உயராமல் கண்ணாடி ஒரே தட்டாக இருக்கும் மாடலாக எடுத்தால் ஒரே இழுப்பில் துடைக்கலாம். ஐட்டம் பட்டன்களை ஒன்றரை சென்டிமீட்டருக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் பில் வேண்டுமானால் கடையில் டெமோ பில் அடித்துப் பாருங்கள். மலிவு பிரின்டர்களில் தமிழ் எழுத்துரு இராது, சாஃப்ட்வேர் படமாக்கி அனுப்பும், பில் மெதுவாக வரும்.

கடலூர் சில்வர் பீச் பக்கம் திறந்த வெளியில் கடை போடுகிறவர்களுக்கு முதல் சிக்கல் தொடுதலில் இல்லை, பார்வையில். உள்ளறைக்குச் செய்த 250, 300 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) திரை மாலை நான்கு மணி வெயிலில் கண்ணாடியாகிவிடும், உங்கள் முகம்தான் தெரியும். டேப்லெட் சூடேறினால் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், அதாவது தேவைப்படும் நேரத்தில் கைவிடும். பட்டன் மெஷினின் சாம்பல் நிறக் கறுப்பு வெள்ளைத் திரை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் வகை. வெயில் ஏற ஏற இன்னும் தெளிவாகத் தெரியும்.

மருந்துக்கடை, துணிக்கடை, ஸ்டேஷனரிக்கு யோசிக்கவே வேண்டாம், கெபாசிட்டிவ்.

கரண்ட் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல் கரை கடந்த பிறகு இந்தப் பக்கம் எத்தனை நாள் இருட்டு என்பது யாருக்கும் மறக்காது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல். பட்டன் மெஷினும் கையடக்க டச் மெஷினும் உள்ளே இருக்கும் பேட்டரியில் ஒரு நாள் வியாபாரத்தை ஓட்டிவிடும். 15 அங்குலத் திரை சுமார் 40 வாட் குடிக்கும். சின்ன யூபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரியில் மொத்தமே 84 வாட்-அவர்தான். இழப்பெல்லாம் போக, புதிதாக இருக்கும்போதே ஒரு மணி நேரம் நின்றால் அதிர்ஷ்டம்.

பணம் கொடுப்பதற்கு முன்

கடைக்குப் போகும்போது ஒரு சின்ன பாட்டிலில் 100 மில்லி தண்ணீரில் அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் கூடுதலாக உப்பு கரைத்து எடுத்துப் போங்கள், கிட்டத்தட்டக் கடல் தண்ணீர் ஆகிவிடும். டெமோ மெஷினின் திரையில் ஐந்தாறு துளி விட்டு, ஈர விரலால் பத்து பில் போடுங்கள். விற்பவர் மறுத்தால் அதுவே பதில். பிறகு வரைவதற்கான ஆப் ஒன்றைத் திறந்து, மூலையிலிருந்து மூலைக்கு மெதுவாக ஒரு கோடு இழுங்கள், முதலில் பேட்டரியில், அடுத்து சார்ஜர் குத்தி. இரண்டாவது கோடு ரம்பம் மாதிரி பல் பல்லாக வந்தால் அடாப்டரை மாற்றச் சொல்லுங்கள்.

கடைசியாக உதிரி பாகம். டச் கண்ணாடி மட்டும் தனியாகக் கிடைக்குமா, திரையோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டுமா என்று கேட்டு பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கெபாசிட்டிவில் இரண்டும் ஒட்டியே வரும் மாடல்கள் அதிகம், ஒரு விரிசலுக்கு முழு டிஸ்பிளே விலை ஆகும். ரெசிஸ்டிவில் திரைக்கு மேலிருக்கும் டச் தகட்டை மட்டும் மாற்றலாம், ஆனால் அதே அளவு, அதே ஒயர் எண்ணிக்கை, பட்டை ஒயர் வெளிவரும் அதே பக்கம் என்று மூன்றும் பொருந்த வேண்டும். பழைய தகட்டைக் கழற்றியதும் தூக்கிப் போடாதீர்கள். அதைக் கையில் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்கினால்தான் சரியாக அமையும்.